புதிய டாக்சி பிளேட் யாருக்குக் கிடைக்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் நடுத்தர நகரம் ஒன்றில் ரயிலை விட்டிறங்கி வெளியே வந்தால், நிலைய வாசலில் வரிசை கட்டி நிற்கும் டாக்சிகளின் பின்புறத்தில் எண் பொறித்த ஒரு தகடு பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். ஓட்டுநர்கள் அதைப் ‘பிளேட்’ என்கிறார்கள். அதை வழங்குவது அந்த ஊரின் உள்ளாட்சி மன்றமான கவுன்சில். சில ஊர்களில் தகுதியுள்ள எவரும் விண்ணப்பித்து அதைப் பெறலாம். வேறு சில ஊர்களில் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அங்கே பத்துப் பிளேட் புதிதாக வெளிவருகிறது என்றால் நூறு பேர் கேட்டு நிற்பார்கள். அந்தப் பத்தை யாருக்குக் கொடுப்பது நியாயம் என்ற கேள்வி, வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றும் தமிழர்கள் உட்பட இத்தொழிலில் இருக்கும் அனைவரையும் தொடுகிறது. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் நடப்பிலுள்ள சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு கீழுள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன. டப்ளின், நியூயார்க் போன்ற நகரங்களின் அனுபவம் தேவைப்படும் இடங்களில் சேர்க்கப்பட்டுள்ளது.

என்னிடம் டாக்சி ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. பிளேட்டும் அதுவும் ஒன்றுதானா?

இல்லை. ஓட்டுநர் உரிமம் ஆளுக்கு உரியது. பிளேட் வண்டிக்கு உரியது. ஓட்டுநராக இருப்பதற்கு ஒருவர் தகுதியும் நன்னடத்தையும் உடையவர் என்று கவுன்சில் திருப்தியடைய வேண்டும். அதற்கு மேல் ஓட்டுநர் உரிமங்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. வரம்பு வைக்கக்கூடியது வண்டி உரிமத்துக்கு மட்டுமே. அதிலும் ‘ஹாக்னி கேரேஜ்’ என்று பழைய சட்டம் அழைக்கும் வகைக்கு, அதாவது டாக்சி நிறுத்தத்தில் நின்று ஆளேற்றவும் தெருவில் கைகாட்டுபவரை ஏற்றவும் உரிமை பெற்ற வண்டிக்கு மட்டுமே அது பொருந்தும். முன்பதிவு செய்தால் மட்டும் வரும் மினிகேப் வண்டிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தக் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை. இதனால்தான் ஒரே ஊரில், ஒரே தகுதியுடைய இரண்டு ஓட்டுநர்களில் ஒருவர் சொந்தப் பிளேட்டில் ஓட்டுகிறார். இன்னொருவர் வேறொருவரின் பிளேட்டுக்கு வாரா வாரம் வாடகை கட்டி ஓட்டுகிறார்.

எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கவுன்சிலுக்கு எங்கிருந்து வந்தது?

குதிரை வண்டிக் காலத்திலிருந்து வந்தது. 1847ஆம் ஆண்டின் நகரக் காவல் விதிகள் சட்டம், தாங்கள் தக்கதெனக் கருதும் எண்ணிக்கையில் வாடகை வண்டிகளுக்கு உரிமம் வழங்க உள்ளூர் அதிகாரிகளுக்கு இடமளித்தது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் அந்த அதிகாரத்துக்குப் பெரிய கடிவாளம் இருக்கவில்லை. 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம், 16ஆம் பிரிவில் அதைத் தலைகீழாக்கியது. தன் எல்லைக்குள் டாக்சிகளுக்கு நிறைவேறாத தேவை குறிப்பிடத்தக்க அளவில் இல்லை என்று கவுன்சில் திருப்தியடைந்தால் மட்டுமே, எண்ணிக்கையைக் காரணம் காட்டி ஒரு விண்ணப்பத்தை மறுக்கலாம் என்பது அதன் சாரம்.

இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனிப்பது அவசியம். தேவை இருக்கிறது என்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரர் தலையில் வைக்கப்படவில்லை. தேவை இல்லை என்று திருப்தியடைய வேண்டியது கவுன்சில். அந்தத் திருப்திக்கு ஆதாரம் இல்லையென்றால் ‘இடம் காலியில்லை’ என்று சொல்லி அனுப்பக் கவுன்சிலால் முடியாது. தேவை இல்லை என்று தெரிந்த பிறகும்கூட மறுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மறுக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. பல கவுன்சில் கூட்டங்களில் இந்த இரண்டாவது பாதி மறக்கப்படுகிறது.

‘நிறைவேறாத தேவை’யை எப்படி அளக்கிறார்கள்?

வழக்கமாக ஒரு வெளி நிறுவனத்தை அமர்த்தி ஆய்வு நடத்துகிறார்கள். டாக்சி நிறுத்தங்களில் பகலிலும் இரவிலும், வார நாளிலும் வார இறுதியிலும் ஆட்களையோ கேமராவையோ நிறுத்தி, பயணிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், வண்டிகள் எவ்வளவு நேரம் காத்திருந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். பிறகு கடைத்தெருவில் பொதுமக்களிடம் கேள்வி கேட்கிறார்கள். ஓட்டுநர்கள், மதுக்கூட உரிமையாளர்கள், காவல்துறை, மாற்றுத்திறனாளர் அமைப்புகள் ஆகியோரின் கருத்தைப் பெறுகிறார்கள். கிடைத்த எண்களைப் பெருக்கி ஒரு குறியீட்டு மதிப்பை உருவாக்கும் முறை பரவலாக உள்ளது. அது 80க்கு மேல் போனால் தேவை ‘குறிப்பிடத்தக்கது’ என்று கொள்வது அந்த முறையின் வழக்கம். ஆய்வுகளுக்கு இடையில் மூன்று ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்று 2010ஆம் ஆண்டின் அரசு வழிகாட்டுதல் கூறியது.

இந்த அளவீட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. நிறுத்தத்தில் வந்து நின்றவர்களையே அது எண்ணுகிறது. டாக்சி கிடைக்காது என்று தெரிந்து வீட்டிலேயே இருந்துவிட்ட முதியவரும், சாய்வுப் பலகை உள்ள வண்டி அந்த ஊரில் இல்லையென்பதால் மருத்துவமனைச் சந்திப்பைத் தள்ளிப்போட்ட சக்கர நாற்காலிப் பயனாளியும் எந்த வரிசையிலும் தென்படுவதில்லை. நல்ல ஆய்வு இவர்களைத் தேடிப் போய்க் கேட்கும். ஆய்வறிக்கை கையில் கிடைத்தால், அதில் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய பகுதி இதுதான்.

வரம்பையே எடுத்துவிட்டால் பங்கீட்டுப் பிரச்சினையே இல்லையே?

உண்மை. வரம்பில்லாத ஊரில் ‘யாருக்கு’ என்ற கேள்வி எழுவதில்லை. ‘என்ன தகுதி’ என்ற கேள்வி மட்டுமே மிஞ்சுகிறது. சந்தைப் போட்டியைக் கண்காணித்த அரசு அமைப்பான நியாயமான வர்த்தகத்துக்கான அலுவலகம் 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையில் எண்ணிக்கை வரம்புகளை நீக்கும்படி பரிந்துரைத்தது. மறு ஆண்டு அரசு, முடிவைக் கவுன்சில்களிடமே விட்டது. ஆனால் வரம்பு வைத்திருப்பவர்கள் அதற்கான காரணத்தைப் பொதுவெளியில் விளக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. சட்டச் சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்கும் அமைப்பான சட்ட ஆணையம் 2012இல் வரம்புகளை ஒழிக்கலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கி, கருத்துக் கேட்ட பிறகு 2014 அறிக்கையில் அதிகாரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மாறியது. 2023ஆம் ஆண்டின் போக்குவரத்துத் துறை வழிகாட்டுதல், வரம்பு வைக்காமல் இருப்பதையே சிறந்த நடைமுறை என்று கருதுகிறது. பெரும்பாலான கவுன்சில்களும் இன்று அப்படித்தான் இருக்கின்றன.

வரம்பை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. இருபது வண்டி நிற்கும் நிறுத்தத்தில் நாற்பது வண்டி வந்து நின்றால், மீதி இருபதும் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கும். வருமானம் பாதியானவர் பதினான்கு மணி நேரம் ஓட்டுவார். களைத்த ஓட்டுநரால் பயணிகளுக்கும் ஆபத்து. ஆனாலும் வரம்பு என்பது ஒரு ஊரில் உழைக்கத் தகுதியுள்ளவர்களில் ஒரு பகுதியினரை வாசலில் நிறுத்திவைக்கும் ஏற்பாடு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வரம்பை வைத்துக்கொள்ளும் கவுன்சில், யாரை உள்ளே விடுவது என்பதில் கூடுதல் நேர்மையைக் காட்டக் கடமைப்பட்டது.

ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒரு தகட்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு விலை எப்படி வந்தது?

வரம்பின் பிள்ளை அந்த விலை. வண்டி உரிமம் அதிகபட்சம் ஓராண்டுக்கே வழங்கப்படுகிறது. கவுன்சிலுக்குக் கட்டும் கட்டணமும் நிர்வாகச் செலவை ஈடுகட்டும் அளவே. ஆனால் 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின்படி, உரிமம் பெற்ற வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு 14 நாட்களுக்குள் கவுன்சிலுக்குத் தெரிவித்தால் போதும். புதிய பிளேட் கிடைக்காத ஊரில், பிளேட்டோடு சேர்ந்து கைமாறும் பழைய கார் தங்கத்தின் விலை பெறுகிறது. சில நகரங்களில் அது பல்லாயிரம் பவுண்டைத் தொட்டிருக்கிறது.

இந்த விலை பொதுமக்கள் கொடுத்த அனுமதியின் விலை. அதை மக்கள் யாருக்கும் விற்கவில்லை. ஆனாலும் அது தனிமனிதர் கையில் சொத்தாகிவிட்டது. முதலில் பெற்றவர் ஒன்றும் கொடுக்காமல் பெற்றிருக்கலாம். அவரிடமிருந்து வாங்கியவர் வீட்டை அடகு வைத்து வாங்கியிருப்பார். வரம்பை உயர்த்தலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டாமவரின் கடன் முன்னுக்கு வந்து நிற்கிறது. அந்தக் கடன் உண்மையானது. அதைப் பொருட்படுத்தாமல் பேசுவது அநீதி. அதையே காரணமாக்கி மூன்றாமவருக்கு வாசலை நிரந்தரமாக அடைப்பதும் அநீதிதான்.

கைமாற்றத்தை 1976 சட்டமே அனுமதிப்பதால், ஒரு கவுன்சில் தன் கொள்கையால் மட்டும் அதைத் தடுத்துவிட முடியாது. புதிதாக வரம்பு கொண்டுவரும் ஊர்களிலாவது பிளேட்டை லாபத்துக்கு விற்க முடியாதபடி சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று 2014இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அது சட்டமாகும் வரை கவுன்சில் கையில் இருக்கும் மருந்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஆய்வு செய்து, தேவைப்படும் பிளேட்டுகளை அவ்வப்போது வெளியிடுவது. அடுத்த ஆண்டு வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு இன்று யாரும் பெரும் பணம் கொடுக்க மாட்டார்கள்.

புதிய பிளேட்டுகளை, ஏற்கெனவே பிளேட் வைத்திருப்பவர்களுக்கே ஒன்றொன்று கூடுதலாகக் கொடுப்பது நியாயம் ஆகாதா? அவர்களுக்குத்தானே இழப்பு?

டப்ளின் நகரம் இதை முயன்று பார்த்தது. அதன் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் 1978 முதல் டாக்சி எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. 1990களில் பொருளாதாரம் பாய்ந்து வளர்ந்தபோதும் டப்ளினில் டாக்சி உரிமங்கள் மூவாயிரத்தை எட்டவில்லை. சனிக்கிழமை நள்ளிரவில் மழையில் மணிக்கணக்கில் நிற்பது ஊரறிந்த துன்பமாக இருந்தது. உரிமத்தின் சந்தை விலை 80,000 ஐரிஷ் பவுண்டைத் தாண்டியது. எண்ணிக்கையைப் பெருக்க முடிவெடுத்த அரசு, 2000 ஜனவரியில் கொண்டுவந்த விதியில், புதிய உரிமங்களை ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்கே வழங்க ஏற்பாடு செய்தது. எதிர்ப்பைத் தணிக்க அது எளிய வழியாகத் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் முன்பதிவு வண்டி ஓட்டிக்கொண்டு, டாக்சி உரிமத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் நிலை என்ன? அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000 அக்டோபரில் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. எண்ணிக்கையை அவ்வாறு கட்டுப்படுத்த அமைச்சருக்குச் சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் கூறியது. மறு மாதமே, நவம்பர் 21 அன்று, அரசு புதிய விதிகளால் வரம்பை முற்றாக நீக்கியது. புதிய உரிமக் கட்டணம் 5,000 பவுண்டு என்றும், சக்கர நாற்காலி ஏறும் வண்டிக்கு 100 பவுண்டு மட்டும் என்றும் நிர்ணயிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் டப்ளினின் டாக்சிகள் பல மடங்காகப் பெருகின.

அந்த ஓராண்டில் இரு தரப்பும் அடிபட்டது. உள்ளிருப்பவர்களுக்கே எல்லாம் என்ற பேராசைத் தீர்வு, நிதானமான உயர்வுக்கு இருந்த வாய்ப்பையும் கெடுத்து, ஒரே நாளில் கதவை உடைத்துவிட்டது. ஒரு பிளேட் வைத்திருப்பவருக்கு இரண்டாவதைக் கொடுத்தால், இரண்டு வண்டியையும் அவரே ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. இரண்டாவதை அவர் வாடகைக்கு விடுவார். அதை எடுத்து ஓட்டப்போகிறவர், பிளேட் கேட்டுக் கிடைக்காமல் நிற்கும் அதே மனிதர். இதைவிடத் தெளிவான மறுப்பு இந்த யோசனைக்குத் தேவையில்லை.

காத்திருப்போர் பட்டியல் வைத்து, முதலில் வந்தவருக்கு முதலில் கொடுக்கலாமே?

எளிமையாக இருக்கிறது, பலருக்கும் இதுவே இயல்பான நியாயமாகத் தோன்றும். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு, முன்னால் நின்றவரைத் தள்ளிவிட்டுப் போவது பாவம். ஆனால் இருபது ஆண்டுப் பட்டியல் ரேஷன் வரிசை போன்றதன்று. அதில் பெயர் எழுதியவர்களில் சிலர் தொழிலை விட்டுப் போயிருப்பார்கள்; சிலர் பிளேட் வந்தால் விற்கலாம் என்பதற்காகவே பெயரை வைத்திருப்பார்கள். பட்டியல் திறந்த நாள் யாருக்குத் தெரிந்திருந்தது என்பதும் ஒரு கேள்வி: சங்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கும், நேற்று இந்நாட்டுக்கு வந்து, மொழி தட்டுத்தடுமாறி, இரவு ஓட்டிப் பகலில் உறங்குபவருக்குத் தெரிந்திருக்காது. பொது அமைப்புகளுக்கு 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 149ஆம் பிரிவில் விதிக்கும் சமவாய்ப்புக் கடமையை மனத்தில் கொண்டால், ஒரு குறிப்பிட்ட இனத்தவரோ பெண்களோ பட்டியலின் அடியிலேயே தங்கிப்போகிறார்களா என்று கவுன்சில் பார்த்தே ஆக வேண்டும்.

பட்டியல் ஏற்கெனவே இருக்கும் ஊரில் அதைத் திடீரென்று கிழித்துப் போடவும் கூடாது. நம்பிக் காத்திருந்தவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து, இன்னமும் ஓட்டுகிறார்களா என்று ஆண்டுதோறும் உறுதிப்படுத்தச் சொல்லி, புதிய பிளேட்டுகளில் ஒரு பகுதியைச் சில சுற்றுகளுக்கு அவர்களுக்கென ஒதுக்கி, பட்டியலைக் கௌரவமாக முடித்துவைப்பதே முறை.

குலுக்கல் முறை சூதாட்டம் ஆகாதா?

தமிழர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரும்போது வியப்பாக இருக்கிறது. ஏனென்றால் பொதுப் பொறுப்பைக் குலுக்கலில் பங்கிடுவது எப்படி என்பதை நம் ஊர்க் கல்வெட்டு ஒன்றே விரிவாகச் சொல்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த விதிகளைத் தருகின்றன. முதலில் தகுதி: வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். பிறகு விலக்கு: கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும், முன்பு இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும், அப்படிப்பட்டவரின் உறவினருக்கும் இடமில்லை. அதன் பின்னரே ஓலைகள் குடத்தில் இடப்பட்டு, சபையார் அனைவரும் பார்த்திருக்க, ஒன்றும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான்.

இன்றைய கவுன்சில் ஒன்று டாக்சி பிளேட்டுக்குக் குலுக்கல் நடத்தினால், இதன் ஒவ்வொரு படியும் பொருந்தும். குலுக்கலுக்கு முன் தகுதி: செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம், உள்ளூரில் குறிப்பிட்ட காலம் ஓட்டிய பதிவு, கடும் புகார் இன்மை, நிபந்தனைக்கு ஏற்ற வண்டியை வாங்க முடியும் என்பதற்கான சான்று. பிறகு விலக்கு: ஏற்கெனவே பிளேட் வைத்திருப்பவரும், கடந்த சில ஆண்டுகளில் பிளேட்டை விற்றவரும் இந்தச் சுற்றில் வேண்டாம், அவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு மனைவி, மைத்துனர் பெயரில் வருவதையும் கவனிக்க வேண்டும். இறுதியில் ஓலையெடுப்பு: அறிவிக்கப்பட்ட நாளில், விண்ணப்பதாரர்கள் முன்னிலையில், டாக்சித் தொழிலோடு தொடர்பில்லாத ஒருவர் கையால்.

அதே கல்வெட்டு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்குள்தான் அந்தக் குலுக்கல் நடந்தது. ஊரில் உழைத்த பெரும்பாலோரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. குடத்தை எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும், உள்ளே போன ஓலைகள் யாருடையவை என்பதில்தான் நியாயம் தொடங்குகிறது. ‘பத்தாண்டு சொந்த வண்டி வைத்திருந்தவர்’ என்று ஒரு கவுன்சில் தகுதி எழுதினால், வாடகைப் பிளேட்டில் பத்தாண்டு உழைத்தவரின் ஓலை குடத்துக்குள் போகாது. தகுதி விதிகளைக் கூர்ந்து படியுங்கள்.

என் கணிப்பில், தேவைக்கும் வழங்கலுக்கும் இடையில் பெரிய இடைவெளி உள்ள ஊரில், தகுதிச் சோதனைக்குப் பிந்தைய பகிரங்கக் குலுக்கலே மற்ற எல்லா முறைகளையும்விடக் குறைந்த மனக்கசப்பைத் தருவது. தோற்றவருக்குக் கோபம் வரலாம், அவமானம் வராது.

ஏலம் விட்டால் வரும் பணம் ஊருக்குப் பயன்படுமே?

இங்கிலாந்தில் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 1976 சட்டத்தின் 70ஆம் பிரிவு, வண்டி உரிமக் கட்டணம் சோதனை, நிறுத்தங்கள், நிர்வாகம், கண்காணிப்பு ஆகியவற்றின் நியாயமான செலவை ஈடுகட்டவே என்கிறது. உரிமத்தை வருவாய் மூலமாக்க முடியாது.

சட்டம் இடம் தந்த ஊரில் நடந்ததையும் அறிந்துகொள்வது நல்லது. நியூயார்க்கில் 1937ஆம் ஆண்டின் ஹாஸ் சட்டம் ‘மெடாலியன்’ எனப்படும் தகடுகளின் எண்ணிக்கையை உறையவைத்தது. பிற்காலத்தில் நகர நிர்வாகமே புதிய மெடாலியன்களை ஏலம் விட்டுப் பெரும் தொகை ஈட்டியது. 2014 வாக்கில் ஒரு மெடாலியனின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. செயலி வழி வண்டிகள் வரம்பின்றிப் பெருகியபோது அந்த விலை சரிந்தது, கடன் சரியவில்லை. வாங்கியவர்களில் பெரும்பாலோர் தெற்காசியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் குடியேறியவர்கள். 2018இல் சில ஓட்டுநர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2021 இலையுதிர் காலத்தில் நகர மன்ற வாசலில் 15 நாள் உண்ணாநிலைப் போராட்டம் நடந்த பிறகே, கடனை 1,70,000 டாலராகக் குறைத்து, நகரமே உத்தரவாதம் நிற்கும் உடன்பாடு வந்தது. பொது அனுமதியை அதிக விலை கொடுப்பவருக்கு விற்பது, அதிகக் கடன் வாங்கத் துணிந்தவருக்கு விற்பதாகவே முடிகிறது.

அனுபவம், நன்னடத்தை ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் பயணியின் நலனோடு தொடர்பு இருக்க வேண்டும், விண்ணப்பம் கேட்கும் முன்பே அளவுகோல் வெளியிடப்பட வேண்டும், நேர்காணல் மதிப்பெண் போன்ற அளக்க முடியாத பகுதி சிறிதாக இருக்க வேண்டும். இரவு நேரச் சேவைக்கு உறுதியளிப்பவர், மாற்றுத்திறனாளர் உதவிப் பயிற்சி பெற்றவர், மாசில்லாத வண்டி கொண்டுவருபவர் ஆகியோருக்குப் புள்ளி என்பது பொருத்தமானது. புள்ளி சமமாக வந்தால் குலுக்கல்.

புதிய பிளேட் என்றால் சக்கர நாற்காலி ஏறும் வண்டி கட்டாயம் என்கிறார்கள். இது புதியவர்கள் மேல் மட்டும் சுமத்தும் சுமை அல்லவா?

இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. லண்டனின் கறுப்பு டாக்சிகள் அனைத்தும் 2000ஆம் ஆண்டு முதல் சக்கர நாற்காலி ஏறும்படி இருக்க வேண்டியவை. அங்கே சுமை எல்லோருக்கும் பொது. பல வெளியூர்களில் பழைய பிளேட்டுகள் சாதாரணக் காரிலேயே ஓடலாம், புதியவை மட்டும் விலை கூடிய வண்டியில் வர வேண்டும் என்று கவுன்சில் விதிக்கிறது. அயர்லாந்தும் 2010 முதல் புதிய டாக்சி உரிமத்தைச் சக்கர நாற்காலி ஏறும் வண்டிக்கே என்று கட்டுப்படுத்தியது.

ஆனாலும் இந்த நிபந்தனையை நான் ஆதரிக்கிறேன். வீட்டிலிருந்து வெளியே போக டாக்சி ஒன்றே வழி என்று இருப்பவருக்கு அந்த ஊரில் ஏறத்தக்க வண்டி இல்லையென்றால், மற்றவர்களுக்கு எத்தனை வண்டி இருந்து என்ன? வேண்டியது, சுமையை நீதியாகப் பங்கிடுவது. பழைய பிளேட்டுகளும் வண்டி மாற்றும்போது படிப்படியாக இந்த விதிக்குள் வர வேண்டும். பிளேட்டைப் பெற்றுவிட்டு இரண்டாம் ஆண்டில் சாதாரணக் காருக்கு மாறும் தந்திரத்துக்கு இடமிருக்கக் கூடாது. அதே நேரத்தில், மூட்டுவலி உள்ள மூதாட்டிக்கு உயரமான வண்டியில் ஏறுவது சிரமம் என்பதால், எல்லா வண்டியும் ஒரே வகையாக இருப்பதும் நல்லதன்று. சக்கர நாற்காலிப் பயணியிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்ற கடமை, கவுன்சில் பட்டியலிட்ட வண்டிகளின் ஓட்டுநர்களுக்கு 2017 ஏப்ரல் முதல் சட்டப்படி உண்டு. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கியது.

பெரும் பணம் கொடுத்துப் பிளேட் வாங்கியவர்களுக்கு நட்டஈடு உண்டா?

இங்கிலாந்தில் கவுன்சில் வரம்பை உயர்த்தியதால் குறைந்த சந்தை விலைக்கு ஈடு தர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் வேறு நாடுகள் இரக்கத்துக்கு இடம் கண்டுபிடித்தன. அயர்லாந்தில் ஒரு குழு அமைத்து, கடும் நெருக்கடிக்கு ஆளானவர்களுக்கு, உரிமத்தின் விலையை ஈடுகட்டாவிட்டாலும், 3,000 முதல் 15,000 யூரோ வரை வழங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2017 சீர்திருத்தத்தில், முதல் உரிமத்துக்கு 1,00,000 டாலரும், அடுத்த மூன்று வரை ஒவ்வொன்றுக்கும் 50,000 டாலரும் கொடுத்தது. அதற்கான பணம் பயணத்துக்கு ஒரு டாலர் தீர்வையாகத் திரட்டப்பட்டது. ஒன்று வைத்திருந்த உழைப்பாளிக்கு அதிகம், பல வைத்திருந்த முதலீட்டாளருக்குக் குறைவு என்ற அந்தப் படிநிலை பின்பற்றத்தக்கது.

முடிவெடுக்கும் முன் கவுன்சில் யாரைக் கேட்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு லிவர்பூலில் எழுந்த வழக்கு ஒன்று, உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கும் விடையைத் தந்தது. லிவர்பூல் மாநகராட்சி டாக்சி எண்ணிக்கையை 300 ஆக வைத்திருந்தது. உயர்த்தும் யோசனை வந்தபோது, டாக்சி உரிமையாளர் சங்கங்களைக் கலந்தாலோசிப்போம் என்று உறுதி தரப்பட்டது. மினிகேப்களைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் நடைமுறைக்கு வரும் வரை 300ஐத் தாண்ட மாட்டோம் என்றும் பொறுப்பாளர் பகிரங்கமாகச் சொன்னார். பிறகு சங்கங்களைக் கேளாமலே எண்ணிக்கையைக் கூட்ட மாநகராட்சி தீர்மானித்தது. 1972இல் டென்னிங் பிரபு தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது. மாநகராட்சி தன் சட்டக் கடமையை வாக்குறுதியால் விற்றுவிட முடியாது. ஆனால் கொடுத்த வாக்கிலிருந்து விலகுவதென்றால், பாதிக்கப்படுபவர்களின் பேச்சைக் கேட்டு, மிகுந்த யோசனைக்குப் பிறகே விலக வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அந்த வழக்கில் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உரிமையாளர்கள். வாடகைப் பிளேட்டில் ஓட்டுபவரும், மினிகேப் ஓட்டுநரும், பயணியும் அன்று அந்த மேசையில் இல்லை. இன்றைய கலந்தாய்வு அவர்களையும் தேடிப் போய் அழைக்க வேண்டும்; ஓட்டுநர்கள் பேசும் மொழிகளில் அறிவிப்பு வேண்டும்; கூட்டம் வெள்ளிக்கிழமை இரவில் வைக்கப்படக் கூடாது.

மினிகேப்களுக்கு வரம்பே இல்லாதபோது, பத்துப் பிளேட்டுக்கு இத்தனை கவலை தேவையா?

முன்பதிவுத் தொழில் இன்று ஊர் எல்லையையே மதிப்பதில்லை. 2015ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒரு கவுன்சிலின் உரிமம் பெற்ற மினிகேப் நிறுவனம் இன்னொரு கவுன்சிலின் உரிமம் பெற்ற நிறுவனத்துக்குப் பயணத்தை மாற்றிவிடலாம். வுல்வர்ஹாம்ப்டன் நகரக் கவுன்சிலின் உரிமம் பெற்ற வண்டிகளை நாட்டின் பல நகரங்களிலும் காணலாம். இதனால் நிறுத்தத்து டாக்சியின் வருமானம் குறைந்திருப்பது உண்மை. ஆனால் கைப்பேசி அணைந்து போனவருக்கும், செயலி பயன்படுத்தத் தெரியாதவருக்கும், மருத்துவமனை வாசலில் நள்ளிரவில் நிற்பவருக்கும் நிறுத்தத்து டாக்சியே கதி. கவுன்சில் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் அவர்களைக் காக்கிறது. தேவை கூடினால் விலை ஏறும் செயலியில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

என் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் எண்ணிக்கை என்றால், தேவை இல்லை என்று எந்த ஆய்வின் அடிப்படையில் கவுன்சில் திருப்தியடைந்தது, அது எந்த ஆண்டு நடந்தது என்று கேட்டு, அறிக்கையின் நகலைப் பெறுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி அதைக் கோரலாம். ஆய்வு பழையதாகவோ, மாற்றுத்திறனாளரைக் கணக்கில் எடுக்காததாகவோ இருந்தால், அது உங்கள் மேல்முறையீட்டுக்கு வலு. டாக்சி வண்டி உரிம மறுப்புக்கு எதிரான மேல்முறையீடு, ஓட்டுநர் உரிம மறுப்பைப் போல மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போகாமல், நேராகக் கிரவுன் நீதிமன்றத்துக்குப் போகிறது. இந்த வேறுபாடு தெரியாமல் தவறான நீதிமன்றத்தில் மனுப்போட்டுக் காலக்கெடுவை இழந்துவிடக் கூடாது. கெடு குறுகியது என்பதால், மறுப்புக் கடிதம் வந்த வாரமே உரிமச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ இலவசச் சட்ட ஆலோசனை மையத்தையோ அணுகுங்கள். போகும்போது விண்ணப்பத்தின் நகல், கட்டணச் சீட்டு, கவுன்சிலோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள்.